இரட்டை வாரங்கள்

அந்தச் சுவரைக் கட்டியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பழியைப் பிரெபென் தலையில் போட வேண்டாம். பிரெபென் எங்கள் தலைமையாசிரியர். அவர் தலையில் போடுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. மூன்றாம் வகுப்பின் பின்பக்கத்தில் ஒட்டிய மூன்று நிற அட்டை. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. பக்கத்தில் ஒரு கயிறு, அதில் பிள்ளைகளின் பெயர் எழுதிய இருபத்திரண்டு துணிக் கிளிப்புகள், இருபத்துமூன்றாவதாக என் பெயர் எழுதியது. தினமும் காலையில் முதல் இருபது நிமிடம் எல்லோரும் சத்தமில்லாமல் புத்தகம் வாசிக்க வேண்டும். மணி அடித்ததும் எழுந்து வந்து, எந்தப் பக்கம்வரை வந்தோம் என்று தன் நோட்டில் எழுதிவிட்டு, புத்தகம் தன்னை என்ன செய்தது என்று யோசித்துக் கிளிப்பை மாட்ட வேண்டும். சந்தோஷம் என்றால் பச்சை. இரண்டுங்கெட்டான் என்றால் மஞ்சள். வருத்தம், கோபம், பயம் எல்லாம் சிவப்பு. வாசிப்பும் வளரும், மனசும் வளரும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மனச்சுவர் என்று நானே பெயர் வைத்தேன். இருபத்தேழு வருஷ ஆசிரியர் வேலையில் நான் கண்டுபிடித்த ஒரே பொருள் அது. அதனால் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முதல் இரண்டு வாரம் சுவர் நன்றாகத்தான் இருந்தது. கதையில் நாய் செத்துப்போனதற்கு நாலு பேர் சிவப்பில் மாட்டினார்கள். வில்லாட்ஸ் என்ற வாயாடி தன் பல்வலிக்குச் சிவப்பில் மாட்டினான். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கெடுத்தது கேக்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி எங்களுக்கு வகுப்புக் கூட்டம். வாரம் ஒரு வீட்டிலிருந்து கேக் வரும், அதைத் தின்றுகொண்டே பிள்ளைகள் அந்த வாரத்துச் சண்டைகளைப் பேசித் தீர்ப்பார்கள். நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே இருந்த வழக்கம் இது. போன ஆகஸ்டில், பள்ளிகளை நடத்தும் நகராட்சி சர்க்கரைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கொண்டாட ஏதாவது இருந்தால் மட்டும்தான் கேக். பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை. அப்போது வில்லாட்ஸ் கையைத் தூக்கினான். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் முதல் மழலைவரை எல்லோருக்கும் எல்லோரும் நீதான், டீச்சரான நானும் வெறும் லிஸ்பெத்தான்.

"வாரம் பூரா எல்லாரும் பச்சையில இருந்தா அது கொண்டாட்டந்தானே, லிஸ்பெத்? நீயே சொல்லு."

வகுப்பு அதை ஓட்டுக்கு விட்டது. இருபத்திரண்டு கையும் உயர்ந்தன. என்ன ஜனநாயகம், என்ன ஒற்றுமை என்று நான் பூரித்துப்போனேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்கு நான் செய்தேன், கை தட்டிக்கொண்டே.

அடுத்த வாரத்திலிருந்து சிவப்பில் ஒரு கிளிப்பும் இல்லை. நாய் சாகிற புத்தகத்தை யாரும் எடுப்பதில்லை. யாராவது மஞ்சள் பக்கம் கையைக் கொண்டுபோனால் இருபத்தொரு ஜோடிக் கண்கள் அந்தக் கையைப் பார்த்தன, கை தானாக மேலே போனது. இதை நான் கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். பிள்ளைகள் சேர்ந்து வாழப் பழகுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் எந்த நிறம் என்று நான் தினமும் குறித்துவைத்ததிலிருந்து பிரெபென் மாதாமாதம் பச்சைக் கணக்கை எடுத்து நகராட்சிக்கு அனுப்பினார். வாசிப்பும் நலமும் என்று அவர்கள் ஒரு கையேடு போடப்போவதாகவும், அதில் எங்கள் சுவரின் படம் வரும் என்றும் செய்தி வந்தது.

இனி தோரா. ஒன்பது வயது, ஒல்லி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வெளுத்த புருவம். நடைவழியில் பிள்ளைகள் கழற்றிப் போட்ட காலணிகளை, தன்னுடையதையும் மற்றவர்களுடையதையும், ஜோடி சேர்த்து நேராக வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவாள். பக்கத்துப் பிள்ளையின் பென்சில் மழுங்கினால் கேட்காமலே சீவிக் கொடுப்பாள். ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கும். தொல்லை தராது என்பதாலேயே அதை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவள் அம்மா ஸ்டீனெயும் அப்பா யெஸ்பெரும் இரண்டு வருஷத்துக்கு முன்பு பிரிந்தார்கள். எங்கள் ஊரில் வருஷத்தின் வாரங்களுக்கு ஒன்றிலிருந்து எண் உண்டு; ஒற்றைப்படை எண் வாரங்களில் அம்மா வீடு, இரட்டைப்படை வாரங்களில் அப்பா வீடு, ஞாயிறு மாலை பையோடு மாற்றம். என் வகுப்பில் மட்டும் ஏழு பேருக்கு இதுதான் காலண்டர். நவம்பரில், பிரிந்த பெற்றோர் விவகாரத்தைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. தோராவின் அப்பா வீட்டு நாட்களைக் குறைக்க வேண்டும் என்று தாய் கேட்கிறார், குழந்தை பள்ளியில் எப்படி இருக்கிறது? நான் பச்சைக் கணக்கைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எழுதினேன்: தோரா மகிழ்ச்சியான குழந்தை. இந்தக் கல்வியாண்டில் அநேகமாக எல்லா நாளும் பச்சையில் இருந்திருக்கிறாள். இரண்டு வீட்டிலும் அவள் நலமாக இருப்பதாகவே பள்ளி கருதுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

புது வருஷத்தின் ஒன்பதாம் வாரம், புதன்கிழமை மாலை, ஸ்டீனெ வந்தாள். கடலிலிருந்து மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்து வேலைச் சீருடையோடு, தலை துவட்டாமல், ஒரு காகிதத்தை என் மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு இதே ஏற்பாடுதானாம். நான் கேட்டது தள்ளுபடி. காரணம் ரெண்டாம் பக்கத்துல இருக்கு. நீ எழுதினதுதான், லிஸ்பெத்."

என் வாக்கியங்கள் அப்படியே மேற்கோள் குறிக்குள் இருந்தன. நான் பள்ளியின் பார்வை, புறவயமான பதிவு என்றெல்லாம் ஏதோ உளறினேன். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் மெதுவாகப் பேசினாள். யெஸ்பெர் கெட்டவன் இல்லை, கை நீட்டமாட்டான், குடிக்கமாட்டான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பிள்ளை வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் படுத்தால் பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதற்கு அப்படி ஒரு அசதி?

நான் சுவரைக் காட்டினேன். ஆறு மாதமாகப் பச்சை, பாரேன் என்றேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

"தெரியும்" என்றாள். "தோரா வீட்டுல சொல்லிருக்கா. அவ கிளிப்பு எறங்கினா இருபத்தொரு பேருக்குக் கேக் போயிடும்னு. ஏதோ விளையாட்டுனு நெனச்சேன். நீ அதை எழுதி அனுப்புவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போன பிறகு நான் கோபமாக இருந்தேன். முதலில் அவள்மேல், பிறகு அலுவலகத்தின்மேல், பிறகு வில்லாட்ஸ்மேல்கூட. ஒன்பது வயதுப் பையன்மேல் கோபப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் சொல்வது தவறு என்று நிரூபிக்கத்தான் தோராவின் வாசிப்பு நோட்டை எடுத்தேன். அதில் நிறம் இருக்காது. தேதி, வார எண், பக்க எண் மட்டும்.

ஆகஸ்ட் கடைசியில், முப்பத்தைந்தாம் வாரம்: எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்து மூன்று, நாற்பத்தொன்று. முப்பத்தாறாம் வாரம்: நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. முப்பத்தேழில் புத்தகம் மறுபடி ஓடியது. முப்பத்தெட்டில் நின்றது. இலையுதிர் கால விடுமுறை, கிறிஸ்துமஸ், பனிக்கால விடுமுறை எல்லாம் தாண்டிப் பிப்ரவரி வரைக்கும் விரலை வைத்துக்கொண்டே போனேன். ஒற்றை வாரத்தில் நடந்தாள், இரட்டை வாரத்தில் நின்றாள். ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. பக்க எண்ணுக்குக் கேக் கிடையாது, அதனால் அதில் பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

கடைசியாக அவள் நின்றிருந்தது எட்டாம் வாரம், அறுபத்து மூன்றாம் பக்கம். அந்தப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஏதாவது ரகசியம் இருக்கும், அது என்னைக் கொஞ்சம் காப்பாற்றும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகள் வேலிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அதைத்தான் அவள் ஐந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தாள், என் கண்ணெதிரே, நான் கொடுத்த இருபது நிமிடங்களில்.

பத்தாம் வாரம் திங்கட்கிழமை, அப்பா வீட்டிலிருந்து வந்திருந்தாள். இடைவேளையில் நூலக மூலைக்குக் கூட்டிப்போய், நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு, இரட்டை வாரத்தில் நீ வாசிப்பதில்லையா என்று கேட்டேன். அவள் நோட்டைப் பார்த்தாள். அது தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"வாசிக்கிறேனே. கண்ணு வரி வரியாப் போகுது."

"மண்டைக்குள்ள?"

நோட்டை மெல்ல மூடினாள். பிறகு, "அப்பா எந்திரிச்சிருப்பாரான்னு ஓடும்" என்றாள்.

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் யெஸ்பெருக்கு வேலை போனது போன வசந்தத்தில். கோடைக்குப் பிறகு அவன் காலையில் எழுந்திருப்பதில்லை. தோரா ஆறு மணிக்கு எழுந்து காபி போடுகிறாள், அவனை எழுப்பி உட்காரவைக்கிறாள், கறுப்பு ரொட்டி வெட்டித் தனக்கு டப்பாவிலும் அவனுக்குத் தட்டிலும் வைத்துவிட்டு பஸ் ஏறுகிறாள். உட்காரவைத்துவிட்டு வந்தால் சில நாள் அவன் எழுந்து கடைக்குப் போயிருப்பான். படுத்திருக்கும்போதே விட்டு வந்தால், மூன்று மணிக்குப் போகும்போதும் அப்படியேதான் கிடப்பான், தட்டும் அப்படியே இருக்கும். இரண்டு முறை அவனை எழுப்ப முடியாமல் பஸ்ஸை விட்டிருக்கிறாள். அந்த இரண்டு நாளும் பஸ் தாமதம் என்று என் பதிவேட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில். நீ இருக்கிற வாரந்தான் எனக்கு வாரம் என்று யெஸ்பெர் அவளிடம் சொல்வானாம். அதை அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள், அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

இப்படி ஒன்று தெரிந்துவிட்டால் ஆசிரியர் நகராட்சியின் குழந்தை நலப் பிரிவுக்கு எழுதியே ஆக வேண்டும், அது சட்டம். பிள்ளையிடம் மறைக்கக் கூடாது என்பதால் அதையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"எழுதாத, லிஸ்பெத். நான் சொல்லிட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். நாளைலேர்ந்து நான் பக்கத்தைத் திருப்புறேன்."

சொன்னபடியே செய்தாள். ஒன்பதாம் வார முடிவில் தொண்ணூறில் இருந்தவள் செவ்வாய்க்கிழமை தொண்ணூற்றேழு என்று எழுதினாள், புதன்கிழமை நூற்றிநாலு. நான் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு தாளைத் திருப்பினாள். பச்சையில் மாட்டினாள். அவளிடமிருந்து உண்மை வந்துகொண்டிருந்த ஒரே ஜன்னல் அந்தப் பக்க எண். அதையும் நானே சாத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையே பிரெபெனிடம் போனேன். நோட்டைக் காட்டினேன், நவம்பரில் நான் எழுதியது தவறு என்றேன், ஒவ்வொரு கிளிப்பும் கேக்குக்காக மாட்டப்பட்டது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் மோசமில்லை, தோராவுக்காக உண்மையாகவே வருந்தினார். ஆனால் வியாழக்கிழமை கையேட்டுக்காக நகராட்சியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள்.

"அனுப்பணும்தான், யாரு வேண்டாங்கிறா? வெள்ளிக்கிழமை அனுப்பு. அவங்க வர்றதுக்கு முந்தி நம்ம சுவரு பொய்யின்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமா? ரெண்டு நாள்ல என்ன குடி முழுகிடும்?"

சரி என்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவள் கெஞ்சினாளே, அதனால்தான் தாமதிக்கிறேன் என்று மனசுக்குள் பிள்ளையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்கு இரண்டு பக்கந்தான் நெருப்பு. எனக்குச் சட்டம் ஒரு பக்கம், பிரெபென் ஒரு பக்கம், அந்த வெளுத்த புருவம் ஒரு பக்கம். இரண்டு இரவும் நான் தூங்கவில்லை, காலையில் போய்ப் பச்சையில் என் கிளிப்பை மாட்டினேன். ஆமாம், நானும்தான். வாத்தியார் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா?

அங்கேதான் எனக்கு அந்தப் புத்திசாலித்தனமான யோசனை வந்தது. பிள்ளைகள் யாரும் சிவப்பில் இறங்கத் துணியவில்லை என்றால், முதலில் ஒரு பெரியவள் இறங்கிக் காட்டட்டும். நான் வருத்தமாக இருக்கிறேன் என்று எல்லோர் முன்னிலும் சொல்கிறேன், வானம் இடிந்து விழாது என்று பார்க்கட்டும். தோரா பார்க்கட்டும். வருகிறவர்களும் பார்க்கட்டும்.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்து பின்பக்கம் பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் கேமரா. பிரெபென் நல்ல சட்டை போட்டிருந்தார். இருபது நிமிட வாசிப்பு முடிந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து பக்க எண்ணை எழுதி, பச்சை, பச்சை, பச்சை என்று மாட்டினார்கள். தோரா நூற்றுப் பதினொன்று எழுதினாள். மூவரில் ஒரு பெண்மணி குனிந்து, புத்தகம் உன்னை என்ன செய்தது என்று அவளைக் கேட்டார். சந்தோஷப்படுத்தியது, ஏனென்றால் கதையில் எல்லோரும் நண்பர்களாக இருக்கிறார்கள் என்று தோரா சொன்னாள். பெண்மணி எழுதிக்கொண்டார்.

கடைசியாக நான் போனேன். என் கிளிப்பை எடுத்துச் சிவப்பில் மாட்டினேன். திரும்பி நின்று, இந்த வாரம் நான் வருத்தமாக இருக்கிறேன், காரணம் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், வருத்தமாக இருப்பது குற்றமில்லை என்று சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது என்ன என்று இப்போது சரியாக ஞாபகமில்லை. ஒரு பெருமூச்சு, ஒரு கை மெல்லக் கீழே இறங்குவது, அப்படி ஏதாவது இருக்கும். கிடைத்தது இருபத்திரண்டு பயந்த முகங்கள். ஒரு பெண் குழந்தைக்கு உதடு பிதுங்கியது. வில்லாட்ஸ் மட்டும் விஷயத்துக்கு வந்தான்.

"வாத்தியார் கிளிப்பும் கணக்குல சேருமா?"

யாரும் பதில் சொல்லும் முன் தோரா எழுந்தாள். காலுறையோடு சத்தமில்லாமல் நடந்து வந்தாள். சிவப்பிலிருந்து என் கிளிப்பைக் கழற்றி, எக்கி நின்று, பச்சையில் மாட்டி, அது நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பழக்கம் இருந்தது. இந்த வேலையை அவள் தினமும் செய்கிறாள்.

"பரவால்ல, லிஸ்பெத்" என்றாள், என் காதுக்கு மட்டும். "உக்காரு முதல்ல. நான் போய்க் காபி வாங்கிட்டு வரட்டா?"

கேமரா இரண்டு முறை சொடுக்கியது. அந்தப் பெண்மணி மார்பில் கை வைத்துக்கொண்டார். இதுதான், வாசிப்பு இதைத்தான் செய்கிறது என்று பிரெபெனிடம் சொன்னார், இவ்வளவு சின்ன வயதில் என்ன ஒரு பரிவு. பிரெபென் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதனால் தலையாட்டாமல் நின்றார். நான் தோராவின் கையைப் பிடித்தபடி அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எழுப்பி உட்காரவைக்க வேண்டிய இன்னொரு பெரிய ஆளாக நானும் ஆகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. விருந்தாளிகளுக்கு நடைவழியில் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். நகராட்சிக்கு ஒன்று, பிரிந்த பெற்றோர் அலுவலகத்துக்கு ஒன்று. நவம்பரில் நான் எழுதியது தவறு, அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை, இணைப்பில் இருக்கும் பக்க எண்களைப் பாருங்கள், தகப்பனுக்கும் உடனே உதவி வேண்டும். இந்த முறையும் பத்து நிமிடம்தான் ஆனது. அனுப்பிவிட்டு நேராகப் பிரெபெனிடம் போய்ச் சொன்னேன். கையேட்டுப் படம் என்று ஏதோ ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்று மாலை இரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். ஸ்டீனெ அழுதாள். யெஸ்பெர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வாசிக்காமலே அவள் நூற்றிநாலு என்று எழுதினாளா என்று மட்டும் கேட்டான், பிறகு போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பிள்ளைகள் வருமுன் அட்டையைக் கிழித்து எடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் இருக்கிறது, சுரண்டினாலும் போகவில்லை. கேக்குக்கு என்ன காரணம் என்று வில்லாட்ஸ் கேட்டான். காரணம் வேண்டாம், நகராட்சி என்னிடம் பேசட்டும் என்றேன். கிரீம் வைத்த கேக். பிள்ளைகள் அதைப் பயந்து பயந்துதான் தின்றார்கள்.

தோரா தின்னவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அடுத்த இரட்டை வாரம் அவள் அம்மாவோடு இருக்கலாம், பிறகு என்ன என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்வார்கள், அப்பாவை அவள் சனிக்கிழமைகளில் பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப அப்பாவை யாரு எழுப்புவா?"

நகராட்சியிலிருந்து ஒருவர் வருவார், அதற்கென்றே இருக்கிறவர், திங்கட்கிழமையே வருவார் என்றேன்.

"எப்படி எழுப்பணும்னு அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவள் மேஜைக்குள்ளிருந்து வாசிப்பு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி, ஒரு பென்சிலைச் சீவி, நீட்டினாள்.

"எழுதிக்க. முதல்ல லைட்டைப் போடக் கூடாது. திரையையும் இழுக்கக் கூடாது. காபி மணம் வந்தப்புறந்தான் திரை. கால்லேர்ந்து தொட்டு எழுப்பணும், தோளைத் தொட்டா திடுக்குன்னுடுவாரு. காபிக்குச் சர்க்கரை போடணும். அஞ்சு நிமிஷம் ஆகும்னு சொன்னா பத்து நிமிஷம் விடணும். அழுதா பேசக் கூடாது, பக்கத்துல உக்காந்தா போதும். ரொட்டி ஒன்னு வெட்டித் தட்டுல வைக்கணும், ரெண்டு வச்சா தொடமாட்டாரு. எந்திரிக்கலைன்னா கோவிச்சுக்கக் கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லணும்."

சொல்லச் சொல்ல எழுதினேன். பக்கம் நிறைந்தது. அவள் எழுந்து என் பக்கம் வந்து நின்று, திருப்பி வாசி என்றாள். வாசித்தேன். நடுவில் ஓரிடத்தில் என் குரல் பிசிறியது, அவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றுமில்லை, எனக்கு நீ எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிவரை வாசித்து முடித்தேன்.

அவள் விரலை வைத்து வரி வரியாகச் சரிபார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சர்க்கரை எத்தனைன்னு எழுதலையே" என்றாள். "ரெண்டு."